குன்றும் கையெழுத்தும்

1993-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள், சனிக்கிழமை. பிற்பகல் மணி ஏறத்தாழ ஒன்றரை. மலேசிய நாட்டின் தலைநகராம் கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளான் பகுதியில், குன்றின் அடியில் எழுந்து நின்ற பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்தது. ஹைலண்ட் டவர்ஸ் என்ற பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பப்பட்ட மூன்று கட்டடங்களில் முதலாவது அது. நாற்பத்தெட்டுப் பேர் மாண்டனர். இடிபாட்டுக்குள்ளிருந்து ஓர் இளந்தாயும் அவள் கைக்குழந்தையும் உயிருடன் மீட்கப்பட்டனர். எஞ்சிய இரு கட்டடங்களிலும் குடியிருந்தோர் உடுத்த உடையோடு வெளியேறினர். மீண்டும் அங்கே வாழ அவர்கட்கு வாய்ப்பு வரவேயில்லை. அவ்விரு கட்டடங்களும் ஆளற்று, கதவற்று, கொடி படர்ந்து, பல்லாண்டுகள் அந்தச் சரிவிலே நின்றன.

இத்தகைய செய்தி ஒன்று செவியில் விழுந்தால் நம் ஊர்த் திண்ணையிலே என்ன பேச்சு எழும்? "விதி முடிந்தது" என்பார் ஒருவர். "போன பிறவி வினை" என்பார் மற்றொருவர். "மலையின் சீற்றத்துக்கு மனிதன் என் செய்வான்?" என்பார், படித்தவர் எனப் பெயரெடுத்த மூன்றாமவர். படிக்காதவர் வினையின்மீது பழி போட்டார், படித்தவர் மலையின்மீது பழி போட்டார், அவ்வளவே வேறுபாடு! ஆங்கிலேயர் வகுத்த சட்டத்திலுங்கூட 'இறைவன் செயல்' என்றொரு சொற்றொடர் உண்டு. மனிதன் முன்னறியவும் தடுக்கவும் இயலாத இயற்கை நிகழ்ச்சிக்குச் சட்டம் சூட்டிய பெயர் அது.

உலு கிள்ளானில் சரிந்தது எது? மலை மட்டுமா? அந்த மலையின்மீது வரைபடம் வரைந்தவர் ஒருவர். அதனைப் பார்த்து ஒப்பமிட்டவர் ஒருவர். குடிபுகலாம் எனச் சான்று தந்தவர் ஒருவர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கையெழுத்து உண்டு. அந்தக் கையெழுத்துகளின் வரலாற்றையே இங்கே கூற விழைகிறோம்.

வாக்குச் சீட்டு இருந்த காலம்

வரலாற்றைச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்குவோம். மலாயாவில் நாடாளுமன்றத்துக்கு முன்பே தேர்தல் கண்டவை நகராட்சிகள். 1951-ஆம் ஆண்டு டிசம்பரில் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரிலும், 1952-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் மக்கள் வாக்களித்து நகர மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். தெருவிளக்கு எரியவில்லையா? சாக்கடை தேங்குகிறதா? கேட்பதற்கு ஓர் உறுப்பினர் இருந்தார். கேட்டும் செய்யாவிடில் அடுத்த தேர்தலில் அவரை வீட்டுக்கு அனுப்ப மக்களிடம் ஒரு சீட்டு இருந்தது.

1965-இல் அந்தச் சீட்டு பறிபோயிற்று. இந்தோனேசியாவுடன் மூண்டிருந்த பூசலைக் காரணங்காட்டி உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 'நிறுத்திவைப்பு' என்றுதான் அன்று சொன்னார்கள். அதே ஆண்டில், உள்ளாட்சி மன்றங்கள் நடைபெறும் முறையை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவராய் அமர்ந்தவர் ஆதி நாகப்பன், மேலவை உறுப்பினர், தமிழர். ஆணையம் நாடெங்கும் சென்று ஆராய்ந்தது. உள்ளாட்சிக்கு உறுப்பினரை மக்களே தேர்ந்தெடுத்தல் வேண்டும், தேர்தல் மீளவேண்டும் எனப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை வெளியானது 1971-இல். ஏற்கப்பட்டதா? இல்லை! 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மாநில அரசு நியமிப்பவரே மன்ற உறுப்பினர் என்றாயிற்று.

குன்றின் கதையில் வாக்குச் சீட்டின் கதை எதற்கு என்று வியக்காதீர்கள், தோழர்களே! ஹைலண்ட் டவர்ஸ் கட்டடங்கள் எழுந்த காலம் 1974-க்கும் 1982-க்கும் இடைப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் போய், நியமன மன்றம் நிலைபெற்ற காலமும் அதுவே. தேர்தல் இருந்திருந்தால் கட்டடம் விழுந்திராது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அறிவுக்கு ஒவ்வாது; தேர்தல் உள்ள நாடுகளிலும் சரிவுகள் சரிந்ததுண்டு. ஆயின், 'யாருக்காகப் பரிசீலிக்கிறோம்?' என்ற கேள்வி ஒரு மன்றத்தின் நெஞ்சிலே எந்நேரமும் ஒலிக்கவேண்டுமானால், அதனைக் கேட்கும் உரிமை மக்கள் கையிலே இருத்தல் வேண்டும். மேலிருந்து நியமிக்கப்பட்டவர் மேலேயே பார்ப்பார். மேட்டுக்குக் கீழே வாழ்பவர் அவர் கண்ணில் படுவது அரிது.

மண்ணும் நீரும் சொன்ன பாடம்

இனிக் கட்டடம் விழுந்த காரணத்தைக் காண்போம்.

உலு கிள்ளான் குன்றுகள் கருங்கல் உளுத்து மண்ணாகிய குன்றுகள். வெயிலும் மழையும் பன்னெடுங்காலம் தின்றதால் பாறை பொடிந்து தடித்த மண்போர்வையாக மாறியிருக்கிறது. காய்ந்திருக்கும் வரை அந்த மண் தன்னைத் தானே தாங்கும். மழைநீர் உள்ளே இறங்கினால் இரண்டு கேடுகள் விளையும். மண்ணின் எடை கூடும். மணிகளுக்கு இடையே புகுந்த நீர் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளும். பிடிப்புத் தளரும், பாரம் ஏறும். ஒரு கட்டத்தில் சரிவு தாங்காது. ஆகவேதான் குன்றிலே வீடு கட்டுவோர் சுவரைப் பற்றி நினைப்பதற்கு முன் நீரைப் பற்றி நினைக்கவேண்டும் என்பது பொறியியலின் முதற்பாடம்.

ஹைலண்ட் டவர்ஸின் பின்புறம் செங்குத்தான சரிவு இருந்தது. அதிலே ஓர் ஓடை இயற்கையாக ஓடியது. கட்டுவோர் அந்த ஓடையைக் குழாய்க்குள் அடைத்துத் திசை திருப்பினர். சரிவைப் படிப்படியாக வெட்டி, கற்சுவர் எழுப்பித் தாங்கவைத்தனர். மேற்புறத்து நிலம் பின்னர் ஒரு நிதி நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதற்கும் மேலே இன்னொரு நிறுவனம் நிலந்திருத்தும் வேலையில் இறங்கி மரங்களை அகற்றியது. மரம் போனால் மண்ணைப் பிடிக்க வேர் இல்லை; மழையைத் தடுக்க இலை இல்லை. நீர் முழுதும் கீழே பாய்ந்தது. வண்டலையும் வாரிக்கொண்டு வந்தது. அடைபட்ட குழாய் எவ்வளவைத்தான் விழுங்கும்? எஞ்சியது சரிவுக்குள் இறங்கியது.

கட்டடத்தின் கடைக்காலோ, தண்டவாள இரும்புகளை நிலத்தில் அடித்து இறக்கி அமைத்தது. மேலிருந்து அழுத்தும் பாரத்தை அது தாங்கும். பக்கத்திலிருந்து தள்ளும் மண்ணைத் தாங்கும் ஆற்றல் அதற்கு இல்லை. நேரே நிற்கும் குச்சியின் தலையில் ஒரு நூலை வைத்தால் நிற்கும். பக்கவாட்டில் விரலால் தட்டினால் விழும். பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் இயல்பு இது.

இடிவுக்கு முன்னரே சுற்றுச் சாலையில் விரிசல்கள் தோன்றியதையும் அவை அகன்றதையும் குடியிருந்தோர் கண்டனர். குன்று எச்சரித்தது. கேட்பவர் இல்லை! தொடர்மழை பெய்த டிசம்பரில் கட்டடத்தின் பின்னே இருந்த தாங்குசுவர் சரிந்தது. அது சரிந்ததும் அதற்கு மேலிருந்த மண் பிடிமானம் இழந்து சரிந்தது. அதற்கும் மேலே இருந்தது அதன்பின் சரிந்தது. கீழிருந்து மேலாகச் சரிவு பின்னோக்கி நடந்தது. நகர்ந்த மண் தண்டவாளக் கடைக்காலைத் தள்ளி வளைத்து ஒடித்தது. கட்டடம் வீழ்ந்தது. நகராண்மைக் கழகம் அமைத்த தொழில்நுட்ப விசாரணைக் குழு 1994-இல் கூறிய முடிவின் சாரம் இதுவே. வடிகால் போதாமையை அந்தக் குழு அழுத்தமாகச் சுட்டியது.

எங்கே இதில் விதி? எந்த வரியில் வினைப்பயன்? ஓடையைக் குழாயில் அடைத்தது மனிதன். மரத்தை வெட்டியது மனிதன். கடைக்காலைத் தேர்ந்தது மனிதன். இவை யாவும் சரி என்று தாளில் ஒப்பமிட்டதும் மனிதன்.

நீதிமன்றத்தில் நூற்றுக்கு நூறு

எஞ்சிய இரு கட்டடங்களின் உரிமையாளரும் குடியிருந்தோருமாக எழுபத்து மூவர் வழக்குத் தொடுத்தனர். கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். பொறுப்பை அவர் நூறு பங்காக்கிப் பிரித்த விதம் வரலாற்று மாணவன் மனத்தில் பதிக்கத்தக்கது. கட்டட நிறுவனத்துக்கு 15 விழுக்காடு. வரைபடம் வரைந்தவருக்கு 10. பொறியாளருக்கு 10. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15. மேற்புற நிலத்தை வைத்திருந்த நிதி நிறுவனத்துக்கு 30. அதற்கும் மேலே நிலந்திருத்திய நிறுவனத்துக்கும் அதன் பணியை நடத்தியவருக்கும் சேர்த்து 20. கூட்டிப் பாருங்கள்: நூறு! விதிக்கென்று ஒரு விழுக்காடும் ஒதுக்கவில்லை அந்த நீதிபதி.

வரைபடம் வரைந்தவர் கட்டடக்கலைஞர் என்ற தகுதி பெற்றவரல்லர். பதிவு பெற்ற வரைவாளர் மட்டுமே. பன்னிரண்டு மாடிக்கு அவர் வரைந்த தாள் உள்ளாட்சி அலுவலகத்தின் மேசைக்கு வந்தது, ஒப்புதலும் பெற்றது. ஒப்புதலில் கண்ட வடிகால் திட்டம் முழுமையாக நிறைவேறாமலேயே குடிபுகத் தகுதிச் சான்றும் வழங்கப்பட்டது. அன்று ஒப்புதல் தந்தது முன்னிருந்த மாவட்ட மன்றம். அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் பிறந்தது 1992-இல்தான். ஆனால் அமைப்பு மாறினால் பொறுப்பு மறையுமா? தந்தையின் நிலத்தைப் பெற்ற மகன் தந்தையின் கடனையும் பெறுகிறான் அல்லவா?

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். மலேசியாவின் 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 95-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு என்று ஒன்று உண்டு. கட்டடத்தை ஆய்ந்ததற்காகவோ, வரைபடத்துக்கு ஒப்புதல் தந்ததற்காகவோ உள்ளாட்சி அமைப்பின்மீதும் அதன் அலுவலர்மீதும் வழக்குத் தொடுக்கலாகாது எனக் காப்பு அளிப்பது அது. உயர்நீதிமன்றம், ஒப்புதல் தந்ததில் கவனக்குறைவு இருந்தது என்று கண்டது. ஆயினும் இந்தப் பிரிவு காக்கிறது என்றது. நீரோடையைப் பேணாமல் விட்டதற்கும், இடிவுக்குப் பின் சரிவை உறுதிசெய்யாமல் விட்டதற்கும் அந்தக் காப்புச் செல்லாது என்று கூறியே 15 விழுக்காட்டைச் சுமத்தியது.

வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் சென்றது. அங்கிருந்து நாட்டின் உச்ச மன்றமாகிய கூட்டரசு நீதிமன்றம் சென்றது. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது தன் தீர்ப்பை வழங்கியது. இடிவுக்கு முன் நடந்தவற்றுக்கும் நகராண்மைக் கழகம் பொறுப்பில்லை. இடிவுக்குப் பின் நடந்தவற்றுக்கும் பொறுப்பில்லை. பதினைந்து விழுக்காடு சுழியாயிற்று! உள்ளாட்சி மன்றங்களின் நிதி சிறியது. இத்தகைய இழப்பீடுகளைக் கொடுக்கப் புகுந்தால் குப்பை அள்ளவும் சாலை செப்பனிடவும் பணம் இராது என்ற கருத்தும் அத்தீர்ப்பிலே இடம்பெற்றது.

நியாயமாகப் பேசுவோம், பகுத்தறிவாளர் மறுதரப்பையும் எடைபோடக் கடமைப்பட்டவர். மன்றத்தின் பணம் மக்களின் பணம் என்பது மெய்யே. ஒரு குன்றில் வாழ்ந்தோரின் இழப்பை ஊர் முழுவதும் சுமப்பதா என்ற கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஒவ்வொரு கையெழுத்துக்கும் வழக்கு வரும் என்றால் எந்த அலுவலரும் பேனாவைத் தொடமாட்டார் என்ற அச்சத்திலும் ஓரளவு பொருள் உண்டு.

ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். வீடு வாங்குபவன் மண்ணியல் படித்தவனா? கடைக்காலைத் தோண்டிப் பார்த்தா வாங்குகிறான்? ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கொடுக்கும்போது அவன் நம்புவது ஒன்றே: "மன்றம் பார்த்திருக்கிறது, ஒப்புதல் தந்திருக்கிறது." அந்த நம்பிக்கைக்காகத்தானே பரிசீலனை என்ற ஒன்றே இருக்கிறது? பரிசீலித்தவர் பொறுப்பேற்கமாட்டார் என்றால் அந்த முத்திரைக்கு என்ன மதிப்பு? கோயிலிலே பூசாரி கட்டும் தாயத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? கட்டியவரும் காப்பதில்லை, கட்டிக்கொண்டவனும் கேட்க முடிவதில்லை!

மன்றத்திடம் பணமில்லை என்பதுதான் இடர் என்றால் அதற்கு வழிகள் உண்டு. ஒப்புதல் கட்டணத்தோடு காப்பீட்டைக் கட்டாயமாக்கலாம். கட்டடம் முடிந்து ஆண்டுகள் சில கழியும் வரை நிறுவனத்தின் பிணைத்தொகையைப் பிடித்து வைக்கலாம். பணமில்லாமைக்கு மருந்து பணம். பொறுப்பில்லாமை எந்த நோய்க்கும் மருந்தாகாது.

இன்னொரு குன்று நாடு

எல்லா நாட்டிலும் இதே கதைதானா? இல்லை. ஹாங்காங்கைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், ஒரே நாளில், அங்கே இரண்டு சரிவுகள் சரிந்தன. சௌ மௌ பிங் என்னும் இடத்தில் ஏழையரின் குடிசைகள்மீது மண் விழுந்து 71 பேர் மாண்டனர். போ ஷான் சாலையில் செல்வர் வாழ்ந்த அடுக்குமாடி ஒன்று நொறுங்கி 67 பேர் மாண்டனர். சேரிக்கும் மாளிகைக்கும் மண் வேறுபாடு பார்க்கவில்லை. 1976-இல் அதே சௌ மௌ பிங்கில் மீண்டும் சரிவு; 18 பேர் பலி.

அன்று அது பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்த நாடு. அங்கும் மக்களாட்சி மலர்ந்திருக்கவில்லை. ஆயினும் பிணங்களின் கணக்கு ஆட்சியை அசைத்தது. 1977-இல் மண்ணியல் பொறியாளர்களைக் கொண்ட தனி அலுவலகம் ஒன்று அமைந்தது. சரிவை வெட்டுவதானாலும் மண்ணை நிரப்புவதானாலும் அதன் வடிவமைப்பை அந்த அலுவலகம் சரிபார்க்க வேண்டும் என்றாயிற்று. மனிதன் வெட்டிய சரிவுகளை ஒவ்வொன்றாக எண்ணி, எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றினர். ஆபத்தானவற்றை முதலில் உறுதிசெய்தனர். மழை முன்போலவே பெய்தது. குன்று முன்போலவே நின்றது. சாவு மட்டும் பெரிதும் குறைந்தது. மாறியது இயற்கையா? இல்லை, பரிசீலனை மாறியது.

மலேசியாவோ பாடத்தைத் தவணை முறையில் கற்றது. 2001-இல் நகர் நாட்டுத் திட்டமிடல் சட்டம் திருத்தப்பட்டது. கூருணர்வுச் சூழல் பகுதி எனக் குறிக்கப்பட்ட குன்றுச்சி, குன்றுச்சரிவுகளில் திட்டம் வந்தால் தேசியத் திட்டமிடல் மன்றத்தின் அறிவுரையைக் கேட்கவேண்டும் என்று விதி வந்தது. 2002-ஆம் ஆண்டு நவம்பர் 20-இல் அதே தாமான் ஹில்வியூ பகுதியில் சரிவு ஒரு மாளிகையை நொறுக்கியது. எட்டுப் பேர் மாண்டனர். 2004-இல் பொதுப்பணித் துறையிலே சரிவுப் பொறியியலுக்கெனத் தனிப் பிரிவு தோன்றியது. 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 6-இல், அதே உலு கிள்ளானின் புக்கிட் அந்தாராபங்சாவில் மீண்டும் சரிவு, பதினான்கு வீடுகள் அழிந்தன, நால்வர் மாண்டனர். ஒரே வட்டாரம், ஒரே வகை மண், அதே டிசம்பர் மழை!

தமிழ்க் குடும்பங்களின் பெயரால்

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் கிளைக்கதை ஒன்று உண்டு. கோலாலம்பூரின் மேற்கே புக்கிட் கியாரா என்றொரு குன்று. ஒருகாலத்தில் அங்கே ரப்பர்த் தோட்டம் இருந்தது. பால் மரம் வெட்டியவர் பெரும்பாலும் தமிழர். தோட்டம் அரசின் கைக்குப் போனது. தொழிலாளர் 1980-களில் தற்காலிக நீள்வீடுகளில் குடியேற்றப்பட்டனர். நிரந்தர வீடு தருவோம் என்றனர். ஏறத்தாழ நூறு குடும்பங்கள். தற்காலிகம் என்பது ஒரு தலைமுறையைத் தாண்டியது.

பின்னர் வந்தது ஒரு திட்டம். குன்றின் அடிவாரத்தில் தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்கா இருக்கிறது. அதன் 25 ஏக்கரில் 12 ஏக்கரை எடுத்து, நாற்பது மாடிகளைத் தாண்டிய எட்டுக் கோபுரங்களை விற்பனைக்கு எழுப்புவது. கூடவே ஒரு கட்டடத்தில் குறைந்த விலை வீடுகள். அவற்றில் நீள்வீட்டுக் குடும்பங்களுக்கு இடம். கோபுரம் எட்டு, ஏழைக்கு ஒன்று! ஏழையின் பெயர் விண்ணப்பத்தின் நெற்றியில்; இலாபம் அதன் வயிற்றில். 2017-இல் கோலாலம்பூர் மாநகராட்சி திட்ட ஒப்புதல் ஆணை வழங்கியது. பூங்காவைச் சூழ்ந்து வாழ்ந்த மக்கள் நீதிமன்றம் ஏறினர். உயர்நீதிமன்றத்தில் 2018-இல் தோற்றனர். 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையை நீக்கியது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

அத்தீர்ப்பின் கருத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மக்கள் ஆட்சேபம் தெரிவித்தபின் ஒப்புதல் தரும் அமைப்பு, தான் ஏன் அப்படி முடிவு செய்தது என்பதற்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டது. நகருக்கென வகுத்த மூலத்திட்டத்தை விருப்பம்போல் ஒதுக்கிவைக்க அதற்கு உரிமையில்லை. விண்ணப்பித்தோரில் ஒன்று ஓர் அறக்கட்டளை. அதன் அறங்காவலர் வரிசையில் மாநகர மேயரும் இருந்தார். கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே மனிதராக இருப்பது பரிசீலனை ஆகாது என்பதும் அவ்வழக்கில் தெளிவாயிற்று.

1965-இல் வாக்குச் சீட்டால் கேட்கும் உரிமையை இழந்த மக்கள், 2023-இல் வழக்கு மன்றத்தின் வழியாக அதில் ஒரு பகுதியை மீட்டனர். வழக்காட ஆறாண்டு ஆயிற்று. பூங்கா பிழைத்தது. நீள்வீட்டுத் தமிழருக்கோ, எவரது இலாபத்துக்கும் முகமூடியாகாத வீடு கிடைப்பதே முழு நீதி. பூங்காவைக் காத்தவரின் கடமை அங்கே முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பசுமை காப்போம் என்று முழங்கி, பாட்டாளியின் கூரையை மறப்பதும் ஒருவகை மேட்டுக்குடி மனப்பான்மையே.

நம் குன்றுகள்

தோழர்களே, இவை கடல் கடந்த செய்திகள்; நமக்கென்ன என்று ஏட்டை மடித்துவிடாதீர்கள். நமக்கும் நீலகிரி உண்டு, கொடைக்கானல் உண்டு, ஏற்காடு உண்டு. 1990-இல் தமிழ்நாட்டிலும் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கென ஓர் ஆணையம் அமைந்தது. மலை ஊர்களில் கட்டட ஒப்புதல் ஊர் மன்றத்தின் மேசையோடு முடிந்துவிடக்கூடாது என்பதற்காக. அதன் பின்னரும் 2009-ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரிச் சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் புதைத்தன. ஆணையம் இருந்தால் மட்டும் போதாது. அதனைக் கேள்வி கேட்கும் கண்கள் வேண்டும்.

அந்தக் கண்கள் இளைஞர்களுடையவாக இருக்கட்டும். உங்கள் ஊர்க் குன்றிலே ஒரு திட்டம் வருகிறதென்றால் மன்றத்தின் வாயிலில் நின்று ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது: வரைந்தவர் யார், அவருக்கு அதற்குரிய தகுதி உண்டா? இரண்டாவது: மழைநீர் எங்கே போகும், வடிகால் முடிந்த பிறகுதானே குடிபுகச் சான்று தருவீர்கள்? மூன்றாவது: சரிவின் மேற்புற நிலம் யாருடையது, அங்கே நாளை என்ன நடக்கும்? நான்காவது: மண்ணைச் சோதித்தவர், கட்டுகிறவரிடம் கூலி பெறாத வேறொருவரா? ஐந்தாவது: இது சரிந்தால் பதில் சொல்லப் போகிறவர் யார், அவர் பெயர் என்ன?

இந்த ஐந்துக்கும் எழுத்திலே விடை கேளுங்கள். தரமறுத்தால், மறுத்ததையும் எழுத்திலே கேளுங்கள்.

நாம் பாடம் சொல்லும் வகுப்பிலே இந்தக் கதையை ஒருநாள் கூறினோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். "ஐயா, அந்தக் கட்டடம் கட்டலாம்னு கையெழுத்துப் போட்டவங்க அதுல குடியிருந்தாங்களா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டுவிட்ட அந்தக் கேள்வியை, ஒப்பமிடும் முன் ஒவ்வொரு அலுவலரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராயின், 'என் பிள்ளையை இந்த வீட்டிலே உறங்க வைப்பேனா?' என்று ஒரு கணம் எண்ணுவாராயின், பாதிப் பரிசீலனை அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதியை முடிக்கவேண்டியவர்கள் நாம்.

உலு கிள்ளானில் மாண்ட நாற்பத்தெட்டுப் பேரைக் கொன்றது விதி என்று எழுதிவிட்டால் கோப்பு மூடப்படும். கையெழுத்து என்று எழுதினால் கோப்பு திறந்தே இருக்கும். அது திறந்திருக்கட்டும்!